டிஸ்பென்சரியை அரசு எடுக்கட்டும். கம்பனியின் கடமையை யார் எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிகளையும் தோட்ட ஆஸ்பத்திரிகளையும் அரசாங்கமே முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு மறுபடியும் அடிபடுகிறது. தோட்டக் கம்பனிச் சம்பளத்தில் பிரசவம் பார்க்கும் தோட்டத்து மருத்துவ மாதுவாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். அரசு எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அப்படி எடுக்கும்போது கம்பனி எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்பதை யாரும் பேசக் காணோம். அதை எழுத்தில் போடாமல் கைமாற்றினால் நடுவில் மாட்டிக்கொள்வது மலையில் கொழுந்து பறிக்கிற பெண்தான்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், நோய்ப்பட்ட தொழிலாளியைக் கவனிப்பது தோட்டத்துத் துரையின், அதாவது நிர்வாகியின், கடமையானது. இரக்கத்தில் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. 1951இல் நாடு முழுக்க அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் இல்லாமல் போனது. அதற்கு மூன்று வருடம் முன்புதான் நம் மலையகத் தமிழ்ச் சனத்தின் பிரஜாவுரிமை பறிபோயிருந்தது. நம்முடைய வைத்தியம் தோட்டத்துக் கணக்கிலேயே கிடந்தது. எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. துரைமார் மாறினார்கள், போர்டில் பெயர் மாறியது. பெரும்பாலான தோட்டங்களில் டிஸ்பென்சரி மட்டும் வேலை கொடுப்பவரின் கையை விட்டுப் போகவில்லை.

அது ஏன் போக வேண்டும் என்று உள்ளே இருந்து பார்த்தவள் சொல்கிறேன். காய்ச்சலோடு வருகிறவளுக்கு ஓய்வு தேவை என்று துண்டு எழுதுகிறவரும் கம்பனி ஆள், அவளை மலைக்கு அனுப்ப நினைக்கிறவரும் கம்பனி ஆள். கொழுந்து அதிகமான மாதங்களில் துண்டு கொஞ்சம் கூடினால் போதும், “எத்தனை பேரை லயத்து வீட்டில் படுக்க வைக்கப் போகிறீர்கள்?” என்று ஒபிசிலிருந்து கேள்வி வரும். எங்கள் டொக்டர் ஐயா நல்ல மனிதர். அவரும் அந்தக் கேள்விக்குப் பிறகு பேனாவை இறுக்கிப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நோயாளியின் பக்கம் நிற்க வேண்டியவர் முதலாளியிடம் சம்பளம் வாங்கக் கூடாது. அவ்வளவுதான்.

இன்னொரு குறை, இந்த வைத்தியம் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில், பெயர் இருப்பவரையும் அவர் குடும்பத்தையும் மனதில் வைத்து உண்டானது. இப்போது லயத்து வரிசை வீடுகளில் யார் இருக்கிறார்கள்? அறுபது தாண்டிய ஆச்சிமார், கொழும்பிலிருந்து திருநாளுக்கு வருகிற பிள்ளைகள், கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்கள். தேயிலையைக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்துக் கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கும் முறையும் வந்துவிட்டது. அந்த முறையில் இருப்பவருக்கு முதலாளி யார்? வேலையோடு கிடைத்த சேமலாப நிதி, நம்பிக்கை நிதி இரண்டும் இல்லாமல் போன வழியில்தான் மருந்தும் போகும். அரச வைத்தியசாலையில் “உன் பெயர் செக்ரோலில் இருக்கிறதா?” என்று யாரும் கேட்பதில்லை. டிக்கோயா கிளங்கனில் 2017இல் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்துச் சனம் எவ்வளவு நம்பிக்கையோடு போகிறது என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

சரி, அப்படியானால் என்ன கவலை?

சில காலத்துக்கு முன் நான் இப்போது இருக்கும் தோட்டத்தில் குளவிக் கொட்டு நடந்தது. ஒரு பெண்ணுக்குத் தலையிலும் கழுத்திலும் நிறையக் கொட்டு. கூட வேலை செய்த பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து, அதில் அவளைக் கிடத்தி, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு றோட்டுக்கு இறக்கினார்கள். நான் போகும்போது உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வேண்டியது ஒரு அட்ரினலின் ஊசி. டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த டொக்டர் ஐயா ஓய்வில் போன பிறகு புதிதாக ஆள் போடவில்லை, “கவர்மென்ட் எடுக்கப் போகிறதே, நாங்கள் ஏன் போட வேண்டும்?” என்பது கம்பனியின் பதில். தோட்டத்து லொறி பெக்டரி வாசலில்தான் நின்றது. துரையிடம் கேட்காமல் எடுக்க முடியாது என்றார் டிரைவர். துரை டவுனில். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் நல்ல சேவை, அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் கல் றோட்டில் அது பெரிய றோட்டுச் சந்திவரைதான் வரும். கடைசியில் மரக்கறி ஏற்ற வந்த ஒரு வேன்காரர் கொண்டுபோனார். அவள் பிழைத்துவிட்டாள். வேன் வராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

அரசு இன்னும் எடுக்கவில்லை, கம்பனி ஏற்கெனவே விட்டுவிட்டது. இந்த இடைவெளிக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பெயர் இல்லை. மருந்தும் ஆளும் அரசின் பொறுப்பாகட்டும். ஆனால் வேலைத்தளத்தில் முதலுதவி, மலையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வாகனம், அதுவும் இரவு பகல் எந்நேரமும், இவை வேலை வாங்குகிறவரின் கடமையாகவே நிற்க வேண்டும். முன்பென்றால் இதைத் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் பேசிச் செய்யும் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்கலாம். 2021இல் சம்பளம் சம்பள நிர்ணய சபைக்குப் போனது; 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் அந்த வழியில்தான். சபை நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கும். லொறிச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்காது. தொழிற்சங்கத் தலைவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, தொழிலாளிக்குக் கம்பனி ஒரு காப்புறுதி அட்டை கொடுத்துவிட்டால் போதாதா என்று படித்த பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். என் மகன் கொழும்பில் தனியார் கம்பனியில் இருந்தான். அட்டை இருந்தது, பேத்திக்கு டெங்கு வந்தபோது தனியார் ஆஸ்பத்திரி பில்லை அதுதான் கட்டியது. நல்லதுதான். பிறகு வேலை மாறினான். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், புது இடத்தில் நிரந்தரமாகும் வரை அட்டை கிடையாது. அந்த இடைக்காலத்தில் பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல். தூக்கிக்கொண்டு ஓடியது பொரளை லேடி ரிஜ்வே அரச சிறுவர் ஆஸ்பத்திரிக்கு. அங்கே யாரும் அட்டை கேட்கவில்லை. வேலையோடு வருகிற வைத்தியம் வேலையோடு போய்விடும். அதோடு, எங்கள் மலையில் அந்த அட்டையை எங்கே காட்டுவது? பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கண்டிவரை போக வேண்டும். அதுவரை மூச்சு தாங்குமா?

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தெரியாதவர் நிறைய. கம்பனி உங்கள் பெயரில் மாதம் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் கண்ணுக்குள் வைக்கும் வில்லைக்கும் இருதய சத்திரசிகிச்சைக்கும் உதவி உண்டு. கண் மங்கிப்போன அம்மாமார் வில்லைக்குக் காசில்லை என்று வேலையை விடுவதைக் கண்டிருக்கிறேன். வேலையில் இருக்கும்போதே ஒபிசில் கேளுங்கள்.

அரசு பொறுப்பெடுக்கும்போது மொழியையும் மறக்கக் கூடாது. பிரசவ வலியில் இருக்கிறவள் மூன்றாம் ஆளை வைத்து மொழிபெயர்த்துப் பேச முடியாது. தோட்டத்தில் இப்போது வேலை செய்கிற தமிழ் மருத்துவ மாதுக்களையும் உதவியாளர்களையும் பயிற்சி கொடுத்து உள்வாங்க வேண்டும். தகைமை போதாது என்று ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், எந்த லயத்தில் யாருக்கு எத்தனை மாதம், யார் பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார் என்ற விபரமும் அவர்களோடு போய்விடும்.

கடைசியாகப் பதிவேடுகள். டிஸ்பென்சரி அலுமாரியில் பிறப்பு, கிளினிக், காயப்பட்டவர் என்று தனித்தனிப் புத்தகங்கள் இருக்கும். வேலைத்தளத்தில் காயப்பட்டவர் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி நட்டஈடு கேட்கப் போனால், “அன்றைக்கு மலையில்தான் நடந்தது” என்று காட்ட பல நேரம் அந்தக் காயப் புத்தகத்து ஒரு வரிதான் இருக்கும். மேலே சொன்ன பெண்ணுக்கு அந்த வரி இல்லை, எழுத ஆள் இருக்கவில்லை. ஆகவே பூட்டிக் கிடக்கும் டிஸ்பென்சரிகளின் புத்தகங்களை இப்போதே கணக்கெடுத்து, கையொப்பம் வாங்கி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சுகாதார அமைச்சிடம் இதைக் கேட்டு, எந்தத் திகதிக்குள் நடக்கும் என்ற பதிலைப் பத்திரிகை மூலம் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ மாது,
பொகவந்தலாவை.