லங்காஸ்டரும் மைனார்ஸ்கியும்

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

போன கிழமை மகனோடு ஹமில்டன் விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ஒரு லங்காஸ்டர் நிற்கிறது, இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குண்டுபோடும் பொம்பர் விமானம், இன்றும் பறக்கிற இரண்டில் ஒன்று. பங்கருக்குள் குந்தியிருந்து சகடை விமானம் குண்டுபோடும் சத்தம் கேட்டு வளர்ந்தவன் பொம்பர் பார்க்க டிக்கெட் எடுத்தான் என்றால் நீ சிரிப்பாய். சிரி.

அன்ட்ரூ மைனார்ஸ்கி என்பவனின் நினைவாக, அவன் போன விமானத்தின் அடையாள எழுத்துகளையே அதில் எழுதியிருக்கிறார்கள். கனடாவின் வினிபெக் நகரத்துப் பெடியன், போலந்திலிருந்து வந்த குடும்பம், 27 வயது. விமானத்தின் முதுகிலிருக்கும் கூண்டில் துப்பாக்கிக்காரன். 1944 ஜூன் 12 இரவு, நேச நாட்டுப் படைகள் நோர்மண்டியில் இறங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை, ஜெர்மன்காரர் ரயிலில் படை கொண்டுவராமலிருக்க பிரான்சில் கம்பிரே ரயில் தளத்தை அடிக்கப் போனார்கள். இரவில் வேட்டையாடும் ஜெர்மன் விமானம் ஒன்று அடித்ததில் இடப்பக்க எஞ்சின் இரண்டும் போய் உள்ளேயும் தீப்பிடித்துவிட்டது, எல்லோரையும் குதிக்கச் சொல்லிவிட்டார் விமானி. மைனார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டான். அப்போதுதான் வால் கூண்டில் கூட்டாளி பற் புரோபி மாட்டிக்கொண்டது தெரிகிறது, கூண்டைக் கையால் சுற்றும் பிடியும் உடைந்துவிட்டது. இவன் நெருப்புக்குள்ளால் தவழ்ந்து போய்க் கோடாலியால் கொத்தி, கையால் இழுத்து, ஒன்றும் சரிவரவில்லை. போய்விடு என்று புரோபியே சைகை காட்டுகிறான். முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே தவழ்ந்து வந்து, இடுப்புவரை உடுப்பு எரிய எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தான். பரசூட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுச் சனம்தான் அவனைக் கண்டெடுத்தது, ஆனால் தீக்காயத்தில் செத்துப்போனான்.

இனிக் கேள். விமானம் மரத்தில் மோதியதில் புரோபி வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்துவிட்டான்! ஏழு பேரில் செத்தது மைனார்ஸ்கி மட்டும். புரோபி வந்து சொன்னபடியால்தான் 1946இல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா சிலுவை, பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருது, கிடைத்தது.

அங்கே எல்லோரும் அந்த சல்யூட்டைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு ஓடிய யோசனை வேறு. பிரித்தானிய பொம்பர் படையில் பறந்த ஏறக்குறைய 125,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இரவில், ஆளையாள் பார்க்க முடியாத இருட்டில். அதில் எத்தனை பேர் இப்படிக் கதவடியிலிருந்து திரும்பிப் போயிருப்பார்கள், சொல்ல ஒரு புரோபி மிஞ்சாமல்? குண்டுக்குக் கீழே இருந்த சனத்தை நினைக்காமல் எங்களால் இந்தக் கதையைக் கேட்க முடியாதுதான், ஆனாலும் மேலே இருந்தவனுக்காக மனம் இப்படிக் கஷ்டப்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை. உனக்கு எப்படித் தோன்றுகிறது, ஒளிக்காமல் எழுது.

அப்புறம், கூரை ஓடு மாற்றும் வேலை மழைக்கு முதல் முடியுமா? காசு குறைந்தால் கூச்சப்படாமல் சொல்லு.

அன்புடன்,
சிவா