தம்பி, பாப்பாவுக்கு நீயும் சொல்லணும்

தம்பி,

பாப்பாவுக்கு பத்து வயசு ஆகப்போகுது, வயசுக்கு வர்ற விஷயமெல்லாம் சொல்லி வச்சிட்டீங்களான்னு ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டேன்ல, "அதெல்லாம் அவ அம்மா பாத்துப்பாம்மா"ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திட்ட. ரெண்டு நாளா அது மனசுல உறுத்திட்டே இருக்கு. போன்ல சொன்னா கட் பண்ணிடுவ, அதான் எழுதுறேன், முழுசா படி.

நான் வயசுக்கு வந்தது 1980ல, இதே தாராவியில, முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூல்ல ஏழாவது படிக்கிறப்போ. பாவாடைல ரத்தத்த பாத்துட்டு உள்ள ஏதோ கிழிஞ்சிருச்சு, செத்துருவேன்னு நெனச்சு பொது கக்கூஸுக்குள்ளயே நின்னு அழுறேன், வெளிய லைன்ல நின்னவங்க கதவ தட்டிட்டே இருக்காங்க. ஆச்சி பழைய நூல் சேலைய கிழிச்சு குடுத்தாங்க, அவ்ளோதான் பாடம். மைக்செட் போட்டு, தாய்மாமன் சீரெல்லாம் வந்து, ஊரக்கூட்டி சடங்கு வச்சாங்க, ஆனா உடம்புல என்ன நடக்குதுன்னு அந்த கூட்டத்துல ஒருத்தர் கூட சொல்லல. அந்த துணிய கொடியில வேற பாவாடைக்கு அடியில மறைச்சுதான் காயப்போடணும், மும்பை மழையில எங்க காயும், ஈரத்தோடயே எடுத்து கட்டுவோம், புண்ணு வரும், அதையும் வெளிய சொல்லக்கூடாது.

பெரியம்மா உனக்கு லேசா ஞாபகம் இருக்கும். தீட்டு நின்னு நாலு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் பட்டுருக்கு, சூடுன்னு சொல்லி வெந்தயமும் மோரும் குடிச்சே ஒரு வருஷத்த ஓட்டிட்டாங்க. எனக்கு தெரியும் தம்பி. எங்கிட்ட சொன்னாங்க, நானும் சூடாதான் இருக்கும்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு போனப்போ கர்ப்பப்பை வாயில புத்துநோய், பரவிருச்சு. 1999ல போயிட்டாங்க.

அதுக்கு முந்தின வருஷம்தான் டாட்டா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி டாக்டருங்க இதே மும்பையில குடிசைப் பகுதிகள்ல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சிருந்தாங்கன்னு பின்னாடி ஒரு கேம்ப்ல நர்ஸம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. பத்தாவது படிச்ச பொண்ணுங்களுக்கு நாலு வாரம் ட்ரெயினிங் குடுத்து, வினிகர் மாதிரி ஒரு தண்ணிய கர்ப்பப்பை வாயில தடவி பாக்க வச்சாங்க, கோளாறு இருந்தா அந்த இடம் ஒரு நிமிஷத்துல வெள்ளையாயிடும். ஒன்றரை லட்சம் பொம்பளைங்கள சேத்து, அதுல பாதி பேருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ இப்படி பாத்து, 2013ல ரிசல்ட் சொன்னாங்க, அந்த நோயால சாகறது 31 சதவீதம் கொறஞ்சிருக்கு. வினிகர்தான் தம்பி! பெரியம்மாவுக்கு யாராவது அத சொல்லியிருந்தா.

2007ல ஸ்கூல்ல பாலியல் கல்வி வேணாம்னு மகாராஷ்டிரா கவர்மெண்ட் நிறுத்துனப்போ நீ பத்தாவது. நல்லவேளைன்னு நானும் சொன்னேன், டிவில பேட் விளம்பரம் வந்தா சேனல மாத்துனதும் நான்தான். நீ இன்னிக்கு பேச்ச மாத்துறது எங்கிட்ட கத்துக்கிட்டதுதான், அது என் தப்பு.

பெரியம்மாவுக்கு வந்த அந்த புத்துநோய்க்கு இப்ப தடுப்பூசி இருக்கு, ஹெச்பிவின்னு ஒரு வைரஸ்தான் இந்த நோய்க்கு காரணம். நம்ம பூனாவுலயே செர்வாவாக்னு ஒண்ணு செய்றாங்க, 2023ல வெளிய வந்துச்சு. ஒம்பதுல இருந்து பதினாலு வயசுக்குள்ளன்னா ரெண்டே ஊசி, ஆறு மாச இடைவெளி. இவ்ளோ சின்ன புள்ளைக்கு எதுக்குன்னு கேக்காத, வைரஸ் உடம்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழு பலன். மருமகளுக்கு முப்பது தாண்டிருச்சு, அவளையும் டெஸ்ட் எடுக்க கூட்டிட்டு போ.

இந்த சனிக்கிழமை லீவுதானே, பெங்களூர்ல உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்கு சொல்லு. பாப்பாவுக்கு ஊசின்னா பயம், நீ கைய புடிச்சுக்கோ. அவ ஸ்கூல் பைல வைக்க பேட் பாக்கெட் ஒண்ணு கடையில நீயே வாங்கு, கருப்பு கவர்ல போட்டு குடுத்தா வேணாம்னு சொல்லி அப்படியே கையில எடுத்துட்டு வா, அவ பாக்கட்டும்.

அம்மா