ராத்திரியில் ஸ்லைடைப் பார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2001இல் இமாட்டினிப் என்ற மருந்து வந்தபின் நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் தினம் மாத்திரை போட்டுச் சமாளிக்கிற நோயாகிவிட்டதை நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். நான் வேலை பார்த்ததெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில், மைக்ராஸ்கோப் முன்னால். அதனால் விட்டுப்போன ஒன்று கண்ணில் பட்டது.

மரபணு முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாத ஒரு வகை உண்டு: ஏ.பி.எல். எனப்படும் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா. தொடக்க நாட்களில் இதில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் ரத்தக்கசிவுதான். ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு என்று வருவார்கள். ரத்த அணுக்களை எண்ணும் மெஷினோ பல சமயம் வெள்ளணு குறைவு, தட்டணு குறைவு என்று மட்டும் அச்சடித்துத் தரும். லுக்கேமியா என்றால் வெள்ளணு எகிறியிருக்கும் என்று நினைப்பவர்கள், ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று அந்தச் சீட்டை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயமிட்டுப் பார்க்கும் ஸ்லைடில் கதையே வேறு. இரண்டு மடலாகப் பிரிந்த நியூக்ளியஸ், அதைச் சுற்றிலும் அப்பிய ஊதா மணிகள், சில அணுக்களில் விறகுக்கட்டு போல அடுக்கிக் கிடக்கும் ஊசி போன்ற குச்சிகள். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. பார்த்ததும் ரிப்போர்ட் டைப் அடிக்க உட்காரக் கூடாது, டாக்டருக்குப் போன் போட வேண்டும். 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறியிருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகும் முன்பே, சந்தேகத்தின் பேரிலேயே ஆட்ரா கேப்ஸ்யூலைத் தொடங்கச் சொல்கிறார்கள். வேறு நோய் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆட்ரா வைட்டமின் ஏ வகையறா. பிஞ்சிலேயே நின்றுபோன அணுக்களை முதிர வைக்கும். ஷாங்காயில் வாங் சென்யி குழுவினர் 1988இல் இதை உலகுக்குச் சொன்னார்கள். இதோடு ஆர்செனிக் டிரையாக்சைடு (ஆமாம், அதே வெள்ளைப் பாஷாணம்தான்) சேர்த்தால், வெள்ளணு 10,000ஐத் தாண்டாதவர்களுக்குக் கீமோவே தேவைப்படாமல் போகலாம் என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் இன்று குணமாகிவிடுகிறார்கள். மருந்து கைக்குக் கிடைக்கும்வரை உயிரோடு இருந்தால், அவ்வளவுதான்.

விலை உயர்ந்த மரபணுக் கருவியை வாங்கிவிட்டு, ஸ்லைடு பார்க்கத் தெரிந்தவரைப் பகல் ஷிஃப்டுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு பெரிய லேபுக்குப் போகும்போது, இரவு வரும் ஸ்லைடுகளை யார், எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர்