மூச்சுப் பயிற்சிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன அழுத்தம் குறைய மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல விஷயம்தான், நானும் ஒரு வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். ஆனால் நான் பட்டது இன்னொருவர் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 61. காரைக்குடியில் வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை என்று ஆர்டருக்குச் செய்து கொடுக்கிறேன். தீபாவளி, கல்யாண மாதம் வந்தால் தூக்கம் போய்விடும். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தாலும் நெஞ்சு படபடக்கும், மனசு மாவுக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

போன வருடம் ஜூன் 21 யோகா தினத்தை ஒட்டி ஒரு மண்டபத்தில் வகுப்பு என்றார்கள், போனேன். முதல் நாளே மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளச் சொன்னார்கள், அப்புறம் முடிந்த மட்டும் அடக்கி வைக்கச் சொன்னார்கள். நான் எட்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் நுனியெல்லாம் மரத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும், மரத்துப்போவதும் தலைசுற்றலும் அதனால்தான் என்று மறுநாள் டாக்டர் விளக்கினார். பிரஷர், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி, பஸ்திரிகா என்கிற வேக மூச்சுப் பயிற்சிகள், மூச்சை அடக்குவது இவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதாம். எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தது ரொம்ப எளிது: மூக்கால் நான்கு எண்ணி இழுப்பது, ஆறு எண்ணி மெதுவாக விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. விடும்போது இதயத் துடிப்பு தானாகவே சற்று இறங்கும், அதனால் விடுவதை நீட்டுங்கள் என்றார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் செய்கிறேன். செய்யச் செய்ய ஒன்று புரிந்தது. இருப்புச் சட்டிக்கு மேலே தேன்குழல் அச்சை அமுக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் அமுக்கியிருக்கிறேன்! தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருக்கும். இப்போது மூச்சை விட்டுக்கொண்டே அமுக்குகிறேன். சாயங்காலம் கழுத்து வலி முன்போல இல்லை, படுத்தால் தூக்கமும் வருகிறது.

வகுப்பு எடுப்பவர்கள் முதலில் பிரஷர் உண்டா, இதய நோய் உண்டா, கர்ப்பமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். நீங்களும் இந்த எச்சரிக்கையைக் கட்டுரையின் கடைசி வரியில் போடாமல் முதல் பத்தியிலேயே, கொட்டை எழுத்தில் போடுங்கள். என் வயதுக்காரர்கள் பலர் கடைசி வரி வரைக்கும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
பலகாரம் செய்யும் வாசகி,
காரைக்குடி.