நீ தூங்கிப்போன இடத்திலிருந்து

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் பேத்தி. லீவுக்கு வந்திருக்கிறாள், பதினைந்து வயது. காலையில் இட்லி வேண்டாம் என்பாள். பதினொன்றரை மணிக்கு அதே ஆறின இட்லியை நின்றபடியே பொடி தொட்டுத் தின்பாள். வீடு முழுக்க இப்போது அவள் கடிகாரப்படிதான் ஓடுகிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்து வலி குறைந்ததோ இல்லையோ, வீடே வைத்தியசாலை மாதிரி மணக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "சஸ்பென்ஸ் படம்னு சொல்லி ஏமாத்திட்டே, நாற்பது நிமிஷத்துல ஒரு துப்பாக்கிகூட வெடிக்கலை, தூங்கிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில் நானே இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

ஜெர்மன் இயக்குநர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் 2000-இல் எடுத்த 'டி இன்னரே ஸிஷர்ஹைட்' (Die innere Sicherheit) படம். ஜெர்மன் தலைப்புக்கு 'உள் பாதுகாப்பு' என்று பொருள். நாட்டின் உள்ளே என்றும் எடுத்துக்கொள்ளலாம், மனசின் உள்ளே என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மா, பதினைந்து வயது மகள் ஜான். பெற்றோர் ஒரு காலத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள். என்ன செய்தார்கள், எந்த இயக்கம், ஒன்றும் படத்தில் சொல்லப்படுவதில்லை. போர்ச்சுகல் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகள் மாதிரி ஒளிந்திருக்கிறார்கள். இருந்த பணம் திருட்டுப் போகிறது. போலீஸில் புகார் கொடுக்க முடியுமா? வேறு வழியில்லாமல் ஜெர்மனிக்கே திரும்பி, ஹாம்பர்க்கில் பூட்டிக் கிடக்கிற ஒரு பங்களாவில் பதுங்குகிறார்கள். நீ குறட்டை விட்டது அநேகமாக இந்த இடத்தில்தான்.

அதற்கப்புறம் ஒரு நாற்சந்தி வரும். சிவப்பு விளக்கில் இவர்கள் கார் நிற்கிறது. முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாம் கார்கள். வளைத்துவிட்டார்கள் என்று அப்பாவுக்குத் தோன்றிவிடுகிறது. கதவைத் திறந்து இறங்கி, கையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறான். பச்சை விழுகிறது. எல்லாக் காரும் அதனதன் வழியில் போய்விடுகின்றன. அவ்வளவுதான்! அவனைத் தேடி அங்கே யாரும் வரவில்லை. கையை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியாமல் நிற்கிறவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே தொண்டை அடைத்தது.

இன்னொன்று. எப்போதோ புதைத்து வைத்த பணத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் செல்லாத பழைய நோட்டு. 2016 நவம்பரைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா போனபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம் அல்லவா, கூறைப்புடவை மடிப்பில் ஏழு ஐநூறு ரூபாய் நோட்டு இருந்தது. செல்லாது என்று தெரிந்தேதான் வைத்திருந்தாள் என்று அக்கா சாதிக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போலீஸ் எப்போது வரும் என்று நீ காத்திருந்திருக்கிறாய், அதனால்தான் தூக்கம். நான் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு பையனைப் பிடித்துப்போகிறது. அவனிடம் என்ன பேசினாய், என்ன சொன்னாய் என்று பெற்றவர்களே உட்கார வைத்து விசாரணை நடத்துகிறார்கள்! போலீஸுக்குப் பயந்து ஓடினவர்கள் வீட்டுக்குள்ளே போலீஸ் ஆகிவிடுகிறார்கள். அவள் எந்த நிமிஷம் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று எனக்கு அடிவயிறு கலங்கியபடியே இருந்தது. இதைவிட என்ன சஸ்பென்ஸ் வேண்டும் உனக்கு?

திரைக்கதையில் பெட்ஸோல்டோடு உட்கார்ந்தவர் ஹாருன் ஃபரோக்கி. அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன டாக்டர், தெரியுமா? 1966-இல் பெர்லின் திரைப்படக் கல்லூரியின் முதல் செட்டில் சேர்ந்தவர்களில் ஃபரோக்கியும் ஒருவர், ஹோல்கர் மைன்ஸ் என்பவரும் ஒருவர். மைன்ஸ் கேமராவை விட்டுவிட்டு, மேற்கு ஜெர்மனியில் ஆயுதம் ஏந்திய இடதுசாரி இயக்கமான செஞ்சேனைப் பிரிவில் (Red Army Faction) சேர்ந்தார். சிறையில் உண்ணாவிரதம் இருந்து 1974 நவம்பரில் செத்துப்போனார். ஒரே வகுப்பில் இருந்த இன்னொருவர் கால் நூற்றாண்டு கழித்து இந்தக் கதையை எழுதுகிறார். இந்தப் படத்தில் ஏன் யாரும் கோஷம் போடுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்தச் செஞ்சேனைப் பிரிவின் கையால் செத்தவர்கள் 30 பேருக்கு மேல். அவர்கள் கடத்திய ஒரு முதலாளிக்குக் காவலாக வந்த போலீஸ்காரர்கள், கார் டிரைவர் என்று பெயர் தெரியாமல் போனவர்களே எத்தனை பேர்! அவர்கள் வீட்டிலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருந்திருக்கும். படம் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. நீ முழுக்கப் பார்த்திருந்தால் இதை வைத்து என்னிடம் சண்டை போட்டிருக்கலாம், வாய்ப்பை விட்டுவிட்டாய்.

இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும் என்று நினைக்காதே. செஞ்சேனைப் பிரிவு 1998-இல் தன்னையே கலைத்துக்கொண்டது. அதன் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த டானியேலா கிளெட்டே 2024 பிப்ரவரியில்தான் பிடிபட்டார், அதுவும் பெர்லின் நகருக்குள்ளேயே. வயது 65. வேறு பெயரில் ஃபிளாட்டில் குடியிருந்து, நாயை நடக்கக் கூட்டிப்போய், கப்போயிரா என்கிற பிரேசில் ஆட்டச் சண்டை பழகிக்கொண்டு இருந்திருக்கிறார். வீட்டைச் சோதித்தால் கலாஷ்னிகோவ் துப்பாக்கி! பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆடிப்போயிருப்பார்கள். அதற்குச் சில மாதம் முன்பே ஒரு செய்திக் குழு, முகத்தை வைத்துத் தேடுகிற மென்பொருளில் பழைய போட்டோவைப் போட்டு, அவர் கப்போயிரா ஆடுகிற படங்களைக் கண்டுபிடித்திருந்ததாம். முப்பது வருஷம் ஒளிந்திருந்தவர் சந்தோஷமாக இருந்த நேரத்துப் படங்கள்.

இரண்டாம் முறை பார்த்தபோது பேத்தியும் பாதியில் வந்து உட்கார்ந்தாள். செல்போனைப் பார்த்துக்கொண்டேதான். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா, அந்தப் பொண்ணுக்கு வேற டிரஸ்ஸே கிடையாதா?" என்றாள். இரண்டு தடவை பார்த்தும் என் கண்ணில் படாத விஷயம்! அடுத்து ஜான் கடையில் துணி திருடினதும், "பாவம், வேற என்ன பண்ணுவா" என்று முடித்துவிட்டாள். மார்க்ஸ், மாவோ எல்லாம் படித்த நமக்கு இது எட்டவில்லை பார்.

முடிவைச் சொல்ல மாட்டேன். மதியம் சாப்பிட்டதும் போடாதே, காலையில் காபி குடித்த கையோடு உட்கார்.

கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்களா? ஒரு கண்தானா, இரண்டுமா? மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு நீ வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும், மாடி அறையில் ஃபேன் மாற்றியாயிற்று. அண்ணிக்கு என் வணக்கம்.

உன்,
நெல்லையப்பன்