கைக்குழந்தைகளின் பார்வைச் சோதனைக்கு அமைதியான அறை கோரி மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: மூளைசார் பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகள் – மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் தனி அறை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறைதீர்க்கும் நாளில் இதே மனுவை இருமுறை கொடுத்து ரசீது பெற்றோம், பதில் இல்லை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் இந்த மையம் இருக்கும் இடம் தாங்கள் அறிந்ததே. ஒருபக்கம் ஓ.பி. சீட்டு வரிசை, மறுபக்கம் மருந்து ஜன்னல்.

1. பிறந்ததும் அழாத குழந்தை, குறைமாதக் குழந்தை, பிறந்த சில நாளில் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிய குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை ஆகியோருக்குக் கண் நன்றாக இருந்தாலும், பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். இதுவே மூளைசார் பார்வைக் குறைபாடு. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும், விழித்திரையும் சுத்தமாக இருக்கும். சீட்டில் ‘கண் நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

2. இக்குழந்தைகளில் பலர் சத்தம் கேட்டால் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். பால் குடித்து, வலிப்பு மருந்தின் மயக்கம் தெளிந்த நேரமாகப் பார்க்க வேண்டும். கழுத்துக்கும் முதுகுக்கும் தாங்கல் கொடுத்து, பின்னால் கறுப்புத் துணி கட்டி, கோடு போட்ட அட்டையையும் வெறும் சாம்பல் நிற அட்டையையும் ஒருசேரக் காட்ட வேண்டும். கண் எந்த அட்டைக்குப் போகிறது என்பதே சோதனை. பேசக் கூடாது, கிலுகிலுப்பை ஆட்டக் கூடாது. 20, 30 விநாடிகூடக் காத்திருக்க வேண்டும். வலம், இடம், மேல், கீழ் என்று தனித்தனியே பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளில் பலருக்குக் கீழ்ப்புறம்தான் தெரியாது. டோக்கன் கூப்பிடும் இரைச்சலில், டியூப் லைட்டுக்கு அடியில், 5 நிமிடத்தில் இதை எப்படிச் செய்வது? குழந்தை அந்த டியூப் லைட்டையே வெறித்துக்கொண்டிருக்கும். ‘பார்வை இல்லை’ என்று எழுதினால் அது குழந்தையின் குறையா, இடத்தின் குறையா ஐயா?

3. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைக் கண்ணில் விடும் முன்பே கிட்டப் பொருளுக்குக் கண் குவிகிறதா என்றும், விட்டபின் கண்ணாடி பவரும் பார்க்க வேண்டும். கண்ணாடி தேவைப்படும் குழந்தைகள் விடுபடுகிறார்கள்.

4. பார்வையைத் தூண்ட மின்னும் விளக்குப் பொம்மை காட்டச் சொல்லி அனுப்புகிறார்கள். சில குழந்தைகளுக்கு அது வலிப்பைத் தூண்டும். டி.வி.யை அணைத்து, வெற்றுத் துணிமேல் ஒரே ஒரு சிவப்போ மஞ்சளோ பொருளை வைத்து, மெல்ல அசைத்துக் காத்திருக்கத் தாய்க்குக் கற்றுத்தர ஆளும் வேண்டும், இடமும் வேண்டும்.

5. அறை வேண்டும் ஐயா. புதுக் கட்டடம் கேட்கவில்லை. பின்புறம் உடைந்த கட்டில்கள் போட்டுப் பூட்டிய அறையைத்தான் கேட்கிறோம். ஜன்னலுக்குத் திரை, வெளிச்சம் குறைக்கும் விளக்கு, அட்டைத் தொகுதி ஒன்று, வாரம் ஒரு முற்பகல், குழந்தைக்கு 45 நிமிடம். மூளை வேகமாக வளர்வது முதல் இரண்டு ஆண்டுகளில். இரண்டு மனுக்கள் கிடந்த மாதங்களும் அதில்தான் கழிந்தன.

அந்த அறையைத் திறந்துவிட உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குழந்தைகளின் பெற்றோர், பயிற்சியாளர்கள்