மதுரையிலிருந்து வில்சனுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய அதிபர் உட்ரோ வில்சன் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பத்தாம் வகுப்பில், முதல் உலகப்போருக்குப் பிறகு உலக அமைதிக்காக உருவான பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் எழுந்து, "சார், சங்கத்தை உண்டாக்கினதே அமெரிக்க அதிபர்தான்னு சொல்றீங்க. அப்புறம் அமெரிக்கா ஏன் அதுல சேரல?" என்று கேட்டாள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தரவில்லை என்று புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சொன்னது சரியான பதில்தான், ஆனால் அதில் நீங்கள் இல்லை. மணி ஐயரும் இல்லை. அதனால்தான் உங்களுக்கே எழுத உட்கார்ந்தேன்.

மணி ஐயர் எங்கள் ஊர்க்காரர். 1842-ல் மதுரையில் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி, தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர், அரசாங்கம் கொடுத்த 'சர்' பட்டம் பெற்றவர். 1917 ஜூன் 24-ஆம் தேதி அவர் சென்னையிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 74. ஓய்வாக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதர்.

அவரை எழுத வைத்தது நீங்கள்தான். அந்த வருஷம் ஏப்ரல் 2-ஆம் தேதி உங்கள் நாடாளுமன்றத்தில் நின்று, ஜனநாயகம் பாதுகாப்பாக வாழக்கூடிய உலகம் வேண்டும், அதற்காகவே போருக்குப் போகிறோம் என்று பேசினீர்கள். அடுத்த இரண்டரை மாதத்தில் இங்கே தன்னாட்சி கேட்ட குற்றத்துக்காக அன்னி பெசன்ட் அம்மையாரைக் காவலில் வைத்தார்கள். அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்துக்குக் கௌரவத் தலைவர் மணி ஐயர். நீங்கள் பேசியதையும் இங்கே நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், பேனாவை எடுத்துவிட்டார். அந்நிய மொழி பேசும் அதிகாரிகள் தங்கள் விருப்பத்தை எங்கள்மேல் திணிக்கிறார்கள், எங்களைக் கேட்காமலே வரி போடுகிறார்கள், கல்வியை மறுக்கிறார்கள், நாட்டுப்பற்றோடு பேசியவர்களைச் சிறையில் தள்ளுகிறார்கள் என்றெல்லாம் எழுதினார். தன்னாட்சி தருவோம் என்று ஒரு வாக்குறுதி மட்டும் வரட்டும், மூன்றே மாதத்தில் 50 லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள், அடுத்த மூன்று மாதத்தில் இன்னொரு 50 லட்சம் பேர் வருவார்கள் என்றார். தபாலில் போட்டால் தணிக்கையில் மாட்டும் என்பதால், நாடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கத் தம்பதியின் கையில் கொடுத்தனுப்பினார்.

கடிதம் வாஷிங்டன் வந்து சேர்ந்தது. அதற்கான விலையை அவர்தான் கொடுத்தார். இந்தியா மந்திரி மாண்டேகு, லண்டன் நாடாளுமன்றத்தில் அதை வெட்கக்கேடான கடிதம் என்று கண்டித்தார். மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. 'சர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். இந்தியாவின் தன்னாட்சிக்காக நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கிலாந்து உங்கள் போர்க்கூட்டாளி, சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கிழவரை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

உங்களை நான் வெறுக்கவில்லை. உங்கள் சின்ன வயசைப் பற்றிப் படித்தவர்களால் உங்களை வெறுக்க முடியாது. ஜார்ஜியாவின் அகஸ்டாவில், வாசலில் நின்றுகொண்டிருந்த சிறு பையனின் காதில், லிங்கன் ஜெயித்துவிட்டார், சண்டை வரப்போகிறது என்று வழியில் போன யாரோ சொன்னது விழுந்ததே, அதுதான் உங்கள் முதல் ஞாபகம். பிறகு உங்கள் அப்பா போதகராக இருந்த தேவாலயமே காயம்பட்ட சிப்பாய்களைக் கிடத்தும் ஆஸ்பத்திரியானது. அமெரிக்க அதிபர்களில், உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதியில் வளர்ந்து, போரைப் பக்கத்தில் பார்த்த பிள்ளை நீங்கள். 1917 ஜனவரியில் செனட்டில் நின்று, யாரும் ஜெயிக்காத சமாதானம்தான் நிலைக்கும், தோற்றவன்மேல் திணித்த சமாதானம் புதைமணலில் நிற்கும் என்று நீங்கள் சொன்னபோது, பேசியது அந்தச் சிறுவன்தான் என்று நினைக்கிறேன்.

அதே மனிதர் பத்து வாரத்தில் போர் கேட்டு வந்து நின்றீர்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன, மெக்சிகோவைத் தூண்டிவிடும் ரகசியத் தந்தியும் அகப்பட்டது. சரி, அதை விடுகிறேன்.

1918 ஜனவரி 8-ல் வந்த உங்கள் பதினான்கு அம்சத் திட்டம்தான் என் பாடத்தின் நடு. ரகசிய ஒப்பந்தங்கள் கூடாது, ஆயுதங்களைக் குறைக்க வேண்டும், கடைசி அம்சமாக, பெரிய நாடு சின்ன நாடு என்று பார்க்காமல் எல்லோரையும் காக்க ஒரு சங்கம் வேண்டும். அடுத்த மாதமே, சுயநிர்ணயம் என்பது வெறும் சொல் இல்லை, நடைமுறையில் கட்டாயம் பின்பற்ற வேண்டிய கொள்கை என்றும் சொன்னீர்கள். அந்தச் சொல் எங்கெல்லாம் போனது! கெய்ரோவில் எகிப்தின் விடுதலைத் தலைவர் சாத் சக்லூல் அதை நம்பினார். கொரியாவின் சியோலில் 1919 மார்ச் 1-ஆம் தேதி ஜப்பான் ஆட்சியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பாரிஸில் வியட்நாம் இளைஞர் ஒருவர் மனு எழுதிக் கொடுத்தார், பிற்காலத்தில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். இங்கே திலகரும் உங்களுக்கு எழுதினார். இவர்களில் ஒருவரும் உங்கள் மேஜைக்கு வர முடியவில்லை. இத்தனை மக்கள் இருப்பது தெரியாமலே அந்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன், கோடிக்கணக்கானவர்கள் என் பேச்சால் நம்பிக்கை வைத்திருப்பதை நினைத்தால் எவ்வளவு வேதனை என்று பிறகு நீங்களே மனம்விட்டுச் சொன்னீர்கள். அந்த நேர்மைக்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் வேதனைப்பட்டவர் என்ன செய்தார் என்று கேட்கத்தான் வேண்டும்.

1919 ஏப்ரல் 11-ஆம் தேதியைப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க என்னால் முடியாது. அன்றைக்குச் சங்கத்தின் சாசனக் குழுவில் தலைமை நாற்காலியில் இருந்தது நீங்கள். நாடுகளின் சமத்துவத்தை ஏற்கும் ஒரு வரியைச் சாசனத்தின் முகப்பில் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. இன சமத்துவக் கோரிக்கையைத்தான் அவ்வளவு தணித்து, கூடியவரை மென்மையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். சீனாவும் பிரான்சும் இத்தாலியும் கைதூக்கின. 17 வாக்குகளில் 11 ஆதரவு. பிரிட்டன் தயங்கியது, ஆஸ்திரேலியாவின் பிரதமர் ஹியூஸ் வெளியிலிருந்து கடுமையாக எதிர்த்தார். பலமான எதிர்ப்பு இருக்கும் விஷயத்துக்கு எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் தீர்ப்பளித்தீர்கள். அந்த வரி விழுந்தது. சரியாக இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். அரசாங்கக் கணக்கிலேயே 379 பேர். ஒன்று இன்னொன்றால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதும்போது என் கை நின்றுவிடுகிறது.

உங்களைக் கனவு காண்பவர் என்றும், கனவு அளவுக்கு மீறிப் பெரிதானதால் உடைந்தது என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கனவைப் பாதிதான் கண்டீர்கள். 1913-ல் உங்கள் ஆட்சி அரசு அலுவலகங்களில் கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்கார வைத்தது. அடுத்த வருஷம் கறுப்பினப் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ ட்ராட்டர் உங்கள் அறைக்கே வந்து நியாயம் கேட்டபோது, அவர் பேசும் தொனி பிடிக்காமல் வெளியே அனுப்பினீர்கள். 1915-ல் உங்கள் படை ஹைட்டியில் இறங்கியது, 1934 வரை அங்கிருந்து கிளம்பவில்லை. போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறைக்குப் போன சோஷலிஸ்ட் தலைவர் யூஜீன் டெப்ஸை, போர் முடிந்த பிறகும் விட மறுத்தீர்கள். அவரை விட்டது உங்களுக்கு அடுத்து வந்த ஹார்டிங். சொந்த வீட்டில் ஒரு குரலுக்குக் காது கொடுக்க முடியாதவர் ஜெனிவாவில் எல்லாக் குரல்களையும் எப்படி ஒன்றாக உட்கார வைப்பார்? இது எனக்குக் கோபமாக வரும் கேள்வி இல்லை, துக்கமாக வரும் கேள்வி.

இருந்தாலும், சங்கத்துக்கு மக்கள் ஆதரவு தேடி நீங்கள் போன அந்த ரயில் பயணத்தைப் படிக்கும்போது என் கண் கலங்குகிறது. 1919 செப்டம்பர் 3-ஆம் தேதி வாஷிங்டனில் ஏறினீர்கள். உடம்பு தாங்காது என்று உங்கள் டாக்டர் கிரேசன் தடுத்தும் கேட்கவில்லை. 22 நாள், சுமார் 13,000 கிலோமீட்டர், ஏறக்குறைய 40 பேச்சுகள். ஒமாஹாவில், நாடுகள் சேர்ந்து தடுக்க வழி செய்யாவிட்டால் அடுத்த தலைமுறைக்குள் இன்னொரு உலகப்போர் நிச்சயம் வரும் என்றீர்கள். சரியாக இருபதே வருஷத்தில் வந்தது. செப்டம்பர் 25-ஆம் தேதி கொலராடோவின் பியூப்ளோவில் பேசியதைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். பிரான்சில் மகனை இழந்த தாய்மார்கள் உங்கள் கையைப் பிடித்து அழுது, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்கிறார்களே, எதற்காக என்னை ஆசீர்வதிக்க வேண்டும், அவர்கள் பிள்ளைகள் சாகக் காரணமானவனே நான்தானே என்று கேட்டீர்கள். பாரிஸ் அருகே சுரேன் கல்லறையில், முன்பின் தெரியாத அமெரிக்கப் பையன்களின் சமாதிக்குத் தினம் பூ வைக்கும் பிரெஞ்சுப் பெண்களைப் பற்றிச் சொன்னீர்கள். கேட்ட கூட்டத்தில் பலர் அழுதார்கள். அன்று ராத்திரியே தலைவலி தாங்காமல் விழுந்தீர்கள். மீதிப் பயணம் ரத்தானது. அக்டோபர் 2-ஆம் தேதி பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது.

சங்கமும் நீங்கள் படுத்திருந்த அறைக்குள்ளேயே படுத்துவிட்டது. சங்கச் சாசனத்தின் பத்தாவது விதிதான் சண்டை. உறுப்பு நாடு ஒன்றின்மேல் யாராவது படையெடுத்தால் மற்றவர்கள் அதைக் காக்க வேண்டும் என்றது அது. எங்கள் நாடாளுமன்றம் சொல்லாமல் எங்கள் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்றார் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர் லாட்ஜ். நேர்மையாகச் சொன்னால், அது கேட்கக்கூடாத கேள்வி இல்லை. அவருக்கு உங்கள்மேல் இருந்த பகையும் அதில் கலந்திருந்தது என்பது வேறு. பாரிஸுக்குப் போகும்போதே ஒரு செனட்டரையும் நீங்கள் கூட்டிப்போகவில்லை. அப்புறம் சமரசம் செய்யலாம் என்று உங்கள் கட்சிக்காரர்கள் வந்தபோது லாட்ஜ் முதலில் இறங்கி வரட்டும் என்றீர்கள். உங்கள் மனைவி எடித்தே கட்டிலருகில் நின்று கேட்டுப் பார்த்தார். நீங்கள் அசையவில்லை. 1920 மார்ச் 19-ஆம் தேதி, சங்கத்தின் சாசனம் அடங்கிய வெர்சாய் உடன்படிக்கை லாட்ஜின் நிபந்தனைகளோடு செனட்டில் வந்தபோது, அதற்கு 49 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு. இன்னும் ஏழு வாக்கு இருந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும். அந்த 35-ல் 23 பேர் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட உங்கள் கட்சிக்காரர்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். செனட் மட்டும் கதவைச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து நீங்களும் தாழ்ப்பாள் போட்டீர்கள். மணி ஐயரின் கடிதமும் லாட்ஜின் நிபந்தனைகளும் எதிரெதிரான ஆட்களிடமிருந்து வந்தவை. ஆனால் இரண்டும் உங்களிடம் கேட்டது ஒன்றுதான்: உங்கள் சமாதானத்தில் எங்கள் வார்த்தைக்கும் இடம் உண்டா?

நீங்கள் போன பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்தது, இத்தாலி எத்தியோப்பியாவில் புகுந்தது. 1936-ல் எத்தியோப்பியப் பேரரசர் ஹெயில் செலாசி சங்கம் இருந்த ஜெனிவாவுக்கே வந்து முறையிட்டும் சங்கத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 1946 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். ஆனால் உங்கள் ஆட்சியில் கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த இளைஞர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் பாடம் கற்றிருந்தார். அடுத்த அமைப்புக்குத் திட்டம் போடும்போது, ஆரம்பத்திலேயே எதிர்க்கட்சிக்காரர்களையும் கூட உட்கார வைத்தார். பலன், 1945 ஜூலையில் ஐ.நா. சாசனம் அதே செனட்டில் 89-க்கு 2 என்று நிறைவேறியது. அந்தச் சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஆற்காடு ராமசாமி முதலியார். இனம், பால், மொழி, மதம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் மனித உரிமை என்று அதன் முதல் விதியிலேயே இருக்கிறது. 1919-ல் விழுந்த வரி 26 வருஷம் கழித்து அப்படித் திரும்பி வந்தது. ஐந்து வல்லரசுகளின் வீட்டோ இன்னும் அதன் கழுத்தில் கல்லாகத் தொங்குகிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் வேண்டும்.

1924 பிப்ரவரி 3-ஆம் தேதி நீங்கள் காலமானீர்கள். அதே வருஷம் டிசம்பரில் மணி ஐயரும் போய்ச் சேர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

நாளை மூன்றாவது பீரியடில் அதே வகுப்பு எனக்கு இருக்கிறது. பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லப் போகிறேன். முதலில் உங்கள் பியூப்ளோ பேச்சிலிருந்து அந்தத் தாய்மார்களின் பகுதியைத் தமிழில் வாசிப்பேன். பிறகு மணி ஐயரின் கடிதம். கடைசி பெஞ்சுப் பெண்ணையே எழுந்து அதை வாசிக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன், அவளுக்குக் கணீரென்ற குரல்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்